மூன்று பெயர் இருக்கிறது, தண்ணீர் இல்லை: வாசகர் கேள்வி பதில்

போர் நடக்கும் நாடுகளில் சர்வதேச அமைப்புகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த ஒருங்கிணைப்பு வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் தெரிந்ததை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களில் சிலர் இப்போதும் களத்தில் இருக்கிறார்கள், அதனால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: ஒரு நாட்டில் போர் வந்தால் ஐ.நா.வின் பல அமைப்புகள், செஞ்சிலுவை, நூற்றுக்கணக்கில் தொண்டு நிறுவனங்கள் என்று எல்லாரும் போய் இறங்குகிறார்கள். இவர்களுக்கெல்லாம் தலைவர் யார்? ஒரே தலைமையின் கீழ் வைத்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடாதா?

பதில்: உத்தரவு போடக்கூடிய தலைவர் என்று ஒருவர் கிடையாது. இதைப் புரிந்துகொண்டால்தான் மீதி எல்லாம் புரியும்.

1991 வளைகுடாப் போர் முடிந்த கையோடு வட ஈராக்கில் குர்து மக்கள் லட்சக்கணக்கில் மலைகளை நோக்கி ஓடினார்கள். உதவி போகத்தான் செய்தது, ஆனால் யார் எதைச் செய்வது என்பதில் ஐ.நா. அமைப்புகளுக்குள்ளேயே தெளிவு இல்லை. அந்த வருடம் டிசம்பரில் பொதுச் சபை 46/182 என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அவசரகால நிவாரண ஒருங்கிணைப்பாளர் என்ற பதவி பிறந்தது அதில்தான். அந்த அலுவலகம்தான் 1998-இல் மாற்றியமைக்கப்பட்டு, இன்றைக்குக் களத்தில் எல்லாரும் 'ஓச்சா' என்று சொல்லும் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் ஆனது. அப்புறம் 2005-இல் கிளஸ்டர் முறை வந்தது. சுகாதாரத்துக்கு உலக சுகாதார நிறுவனம், தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஊட்டச்சத்துக்கும் யுனிசெஃப், லாரி, கிடங்கு போன்ற போக்குவரத்து வேலைகளுக்கு உலக உணவுத் திட்டம், கல்விக்கு யுனிசெஃப்பும் சேவ் த சில்ரனும் சேர்ந்து என்று துறை துறையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பு அமைப்பை வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோதுதான் முதல் தடவையாக அதைக் களத்தில் பயன்படுத்தினார்கள்.

பொறுப்பு அமைப்பு என்றால் மேலதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். "நீ அந்த ஊருக்குப் போ" என்று சுகாதார கிளஸ்டரின் ஒருங்கிணைப்பாளர் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கட்டளையிட முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். ஒவ்வொரு அமைப்புக்கும் தனி நிர்வாகக் குழு, தனி நன்கொடையாளர், தனிக் கணக்கு. அதனால் இங்கே பாதி வேலை பேச்சில்தான் நடக்கிறது. கெஞ்சுவது, நினைவுபடுத்துவது, இரண்டு பேருக்கு நடுவில் போய் நிற்பது, இதுதான் ஒருங்கிணைப்பாளரின் ஒரு நாள்.

எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் வைப்பதை நான் எதிர்க்கிறேன். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் கிளஸ்டர் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் பார்வையாளர்களாகத்தான் வருவார்கள். இதைத் திமிர் என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ஐ.நா.வின் அமைதிப்படை ஒரு தரப்போடு சேர்ந்து நிற்கும் நாட்டில், எதிர்த்தரப்பின் சோதனைச் சாவடியில் நீல எழுத்து போட்ட ஐ.நா. வண்டி நகராது, செஞ்சிலுவை வண்டி ஒருவேளை நகரும். சேர்ந்து வேலை செய்வது என்றால், அவர்கள் விலகி நிற்பதற்கு இடம் விடுவதும் அதில் சேர்த்தி.

கேள்வி: எந்நேரமும் கூட்டம், கூட்டம் என்றே இருக்கிறார்களாமே? இதனால் மக்களுக்கு என்ன பலன்?

பதில்: நல்ல கூட்டத்தால் பலன் உண்டு. ஒன்றைச் சொல்கிறேன். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், மாவட்டத் தலைநகரில், தகரக் கூரை போட்ட ஓர் அறையில் வாரம் ஒரு நாள் தண்ணீர், சுகாதாரக் கூட்டம் நடக்கும். சுவரில் வரைபடம், எந்த ஊரில் எந்த அமைப்பு என்று வண்ண வண்ணமாக ஊசி குத்தியிருக்கும். ஒருநாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, உள்ளூர் மகளிர் குழுவிலிருந்து வந்தவர், எழுந்து போய் ஓர் ஊரின் மேல் விரலை வைத்து, "இங்கே யார் தண்ணீர் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்த ஊரில் மூன்று ஊசி இருந்தது. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனோம். முதல் அமைப்பு நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை சோப்பு கொடுத்திருந்தது. இரண்டாவது அமைப்பு வீடு வீடாகக் கணக்கெடுத்துவிட்டு வந்திருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது, நிதி கிடைத்தால் ஆழ்துளைக் கிணறு போடலாம் என்று திட்டத்தில் எழுதி வைத்திருந்தது. எங்கள் பட்டியலில் அந்த ஊர் பச்சை, அதாவது உதவி போய்க்கொண்டிருக்கும் ஊர். ஊர்க்காரர்களோ ஒரு மணி நேரம் நடந்து ஆற்றில் மொண்டுகொண்டிருந்தார்கள்.

யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்ற அட்டவணைதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கருவி. 'எப்போது' என்பதையும் சேர்த்துக் கேட்டால் நாலாகும், 'யாருக்காக' என்றும் கேட்டால் ஐந்து. நாங்கள் அன்றைக்குப் பிறகு 'நடக்கிறது', 'முடிந்துவிட்டது', 'திட்டம் மட்டும்' என்று மூன்று பத்தியாகப் பிரித்தோம். அடுத்த வாரமே வரைபடத்தில் பாதிப் பச்சை காணாமல் போனது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது, ஆனால் அதற்குப் பிறகுதான் லாரி சரியான திசையில் போக ஆரம்பித்தது.

அப்புறம், அளவு. எல்லாரும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளாவிட்டால் "தண்ணீர் கொடுத்தோம்" என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து சில நாட்களுக்குள் லட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி, இன்றைய காங்கோவில் இருக்கும் கோமா என்ற நகருக்கு வந்தார்கள். காலரா பரவி, முதல் மாதத்திலேயே ஏறக்குறைய 50,000 பேர் இறந்தார்கள். எத்தனையோ அமைப்புகள் அங்கே இருந்தன, சில நன்றாகச் செய்தன, சில என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் செய்தன. அந்த அனுபவத்திலிருந்துதான் ஸ்ஃபியர் என்ற குறைந்தபட்ச அளவுகோல்களை உருவாக்கும் வேலை 1997-இல் தொடங்கியது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்பது அதில் வருகிற கணக்கு. கூட்டத்தில் ஒருவர் "அந்த முகாமை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால், "ஆளுக்கு எத்தனை லிட்டர்?" என்று கேளுங்கள். பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலேயே நிலைமை தெரிந்துவிடும்.

இன்னொன்று, மொழி. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் ஐ.நா. தளத்துக்கு உள்ளே, பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. ஊர்க்காரர்கள் பேசுவது க்ரியோல், படித்தவர்கள் பிரெஞ்சும் பேசுவார்கள். உள்ளூர் அமைப்புகளுக்கு வாசல் காவலைத் தாண்டுவதே பெரும்பாடு, தாண்டி வந்தாலும் பேச்சு புரியவில்லை. அது போர் இல்லைதான், ஆனால் போர் நாடுகளிலும் இதே தவறை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா அன்றைக்குக் கேட்ட கேள்வி எங்களை வந்து சேர்ந்ததற்குக் காரணம், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்தார் என்பதுதான்.

கேள்வி: நாங்கள் ஒரு சிறிய உள்ளூர் அமைப்பு. பெரிய சர்வதேச அமைப்பு ஒன்று எங்களோடு ஒப்பந்தம் போட வந்திருக்கிறது. சண்டை நடக்கும் பகுதியில் வேலை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இந்த இதழில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான்.

முதலில் இழப்புப் பிரிவைத் தேடிப் படியுங்கள். ஏன் என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு சர்வதேச அமைப்பு ஓர் உள்ளூர் அமைப்போடு ஒப்பந்தம் போட்டது. நாங்கள் தார்ப்பாய், போர்வை, சோப்பு கொடுப்போம், அவர்கள் தங்கள் கிடங்கில் வைத்து விநியோகிப்பார்கள். ஒரு ராத்திரி ஆயுதம் ஏந்தியவர்கள் வந்து கிடங்கைக் காலி செய்துகொண்டு போனார்கள். கிடங்குக் காவலரை அடித்துப் போட்டிருந்தார்கள், அவருக்கு ஒரு காதில் கேட்காமலே போய்விட்டது. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: பங்காளி அமைப்பின் காவலில் இருக்கும்போது பொருளுக்கு ஏற்படும் இழப்புக்குப் பங்காளி அமைப்பே பொறுப்பு. எங்கள் தலைமையகம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, பொருளின் மதிப்பைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. அதை ரத்து செய்ய வைப்பதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் அந்த அமைப்பு இரண்டு நர்ஸ்களை வேலையை விட்டு நிறுத்தியிருந்தது. அந்த ஒப்பந்தப் படிவத்தை அவர்களுக்கு அனுப்பியது நான். அந்த வரியை நானும் படித்திருக்கவில்லை. அந்தக் காவலரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவர் என்னிடம் கேட்டது, "சார், எங்க மேல தப்பா?" என்று. இன்றுவரை எனக்கு அது மறக்கவில்லை.

அதனால், சண்டையாலோ கொள்ளையாலோ ஏற்படும் இழப்புக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், என்ன ஆதாரம் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் "பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். சொன்னவர் ஆறு மாதத்தில் வேறு நாட்டுக்கு மாறிப் போயிருப்பார்.

அடுத்தது தவணை. வேலை தொடங்கும் தேதிக்கும் முதல் தவணை வங்கிக்கு வரும் தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று பாருங்கள். பல ஐ.நா. அமைப்புகள் மூன்று மாதத்துக்கு முன்பணம் கொடுத்து, கணக்குக் காட்டிய பிறகு அடுத்ததைக் கொடுக்கும். உங்கள் நாட்டில் வங்கிகள் முடங்கியிருந்தாலோ நாணய மதிப்பு சரிந்துகொண்டிருந்தாலோ அந்த இடைவெளியில் சம்பளம் போட முடியாமல் போகும். பணம் வரும்வரை வேலையை நிறுத்தி வைக்க உங்களுக்கு உரிமை உண்டா, மாற்று விகிதத்தில் வரும் நஷ்டம் யார் தலையில் விழும், இரண்டையும் கேளுங்கள்.

நிர்வாகச் செலவு விஷயத்தில் தயங்காமல் பேசுங்கள். பெரிய அமைப்பு கொடை நாட்டிடமிருந்து 7 சதவீதம் போல நிர்வாகச் செலவு என்று வாங்கிக்கொண்டு, உங்களுக்கு வெறும் திட்டச் செலவை மட்டும் கொடுப்பது ரொம்ப நாளாக நடந்து வருகிறது. வாடகை, கணக்காளர், மின்சாரம் எல்லாம் எங்கிருந்து வரும்? உள்ளூர் அமைப்புகளுக்கும் இந்தச் செலவில் பங்கு கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனக் கூட்டமைப்புகளும் செஞ்சிலுவையும் உட்காரும் நிலைக்குழு 2022-இல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை, சலுகை கேட்பதாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்.

பாதுகாப்புச் செலவுக்கு பட்ஜெட்டில் தனி வரி இருக்கட்டும். உலகம் முழுவதும் கொல்லப்படும் நிவாரணப் பணியாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தந்த நாட்டுக்காரர்கள்தான். ஆபத்து கூடக் கூட வெளிநாட்டு ஊழியர்கள் தலைநகருக்குப் போய்விடுவார்கள், வேலை உங்கள் கைக்கு வரும், அதோடு ஆபத்தும் வரும். ஆனால் ரேடியோ, காப்பீடு, அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போக வண்டி என்று கேட்டால் "பட்ஜெட் இல்லை" என்பார்கள். அப்படிச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். இதைக் கடுமையாகத்தான் சொல்கிறேன்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றிய பிரிவு இருக்கும், தடை செய்யப்பட்ட குழுக்களுக்குப் பணம் எதுவும் போகாது என்று உங்களிடம் உறுதி கேட்கும். அதை வழக்கறிஞரை வைத்துப் படியுங்கள். சந்தையில் அரிசி விற்பவர் யாருக்கு வரி கட்டுகிறார் என்பதற்கெல்லாம் நீங்கள் உறுதிமொழி கொடுக்க முடியாது. ஐ.நா. பாதுகாப்புச் சபை 2022 டிசம்பரில் 2664 என்ற தீர்மானத்தின் மூலம், தனது சொத்து முடக்கத் தடைகளிலிருந்து மனிதாபிமான வேலைகளுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டிப் பேசுங்கள், சில இடங்களில் பலன் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

யுனிசெஃப், உலக உணவுத் திட்டம், ஐ.நா. அகதிகள் ஆணையம் மூன்றும் 2018-இல் ஐ.நா. பங்காளர் தளம் என்று ஒன்றை ஆரம்பித்தன. பிற்பாடு வேறு ஐ.நா. அமைப்புகளும் அதில் சேர்ந்தன. அதில் ஒரு தடவை பதிவு செய்தால் ஒரே காகிதத்தைத் தனித்தனியாகக் கொடுக்கும் வேலை கொஞ்சம் குறையும். இன்னும் பதியவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள்.

2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில் கொடை நாடுகளும் பெரிய அமைப்புகளும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2020-க்குள் உதவிப் பணத்தில் 25 சதவீதம் உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு முடிந்தவரை நேரடியாகப் போக வேண்டும் என்பது அதில் ஓர் இலக்கு. எட்டவில்லை. நேரடியாகப் போவது ஒற்றை இலக்கச் சதவீதத்தில்தான் நிற்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. தலையைக் கொடுப்பவர்கள் ஒரு பக்கம், முடிவெடுப்பவர்கள் இன்னொரு பக்கம் என்று இருக்கும்வரை 'பங்காளி' என்ற சொல்லை அந்த ஒப்பந்தத்தில் போடக் கூடாது என்பதுதான் என் கருத்து. நீங்கள் பேரம் பேசுங்கள். முதல் வரைவு கடைசி வரைவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேள்வி: ஒரே குடும்பத்துக்கு இரண்டு மூன்று நிவாரண அட்டை, இன்னொரு குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. எல்லா அமைப்புகளும் பயனாளிகள் பட்டியலைப் பகிர்ந்துகொண்டால் என்ன?

பதில்: பகிரலாம், பார்த்துப் பகிர வேண்டும். அகதிகள் ஆணையமும் உலக உணவுத் திட்டமும் தகவல் பகிர்வுக்குத் தனி ஒப்பந்தமே வைத்திருக்கின்றன. ஆனால் போர் நாட்டில் ஒரு பட்டியல் என்பது பெயர், ஊர், இனம், கைரேகை எல்லாம் சேர்ந்தது, அது யார் கைக்குப் போகிறது என்பதில் உயிர் இருக்கிறது. பங்களாதேஷில் ரோஹிங்யா அகதிகளிடம் வாங்கிய விவரங்கள், அவர்கள் தப்பி வந்த மியான்மர் அரசுக்கே போய்ச் சேர்ந்தன என்றும் பலருக்கு அது தெரியவே இல்லை என்றும் 2021-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்டது. யேமனில் 2019-இல் இதே கைரேகைப் பதிவு விவகாரத்தில், தலைநகர் சனாவைக் கையில் வைத்திருந்த ஹூதி கிளர்ச்சியாளர்களின் நிர்வாகத்துக்கும் உலக உணவுத் திட்டத்துக்கும் தகராறு வந்து, சனாவில் உணவு விநியோகத்தின் ஒரு பகுதி சுமார் இரண்டு மாதம் நின்றுபோனது.

என் அனுபவத்தில் சொல்வதானால், முழுப் பட்டியலைத் தூக்கிக் கொடுக்காமல், இரண்டு பட்டியலிலும் ஒரே ஆள் இருக்கிறாரா என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டு. அதற்கு மேல் வேண்டும் என்று கேட்பவரிடம், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: அரசே போரில் ஒரு தரப்பாக இருக்கும்போது அரசோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது? அரசை ஒதுக்கிவிட்டால் மருத்துவமனை, பள்ளி எல்லாம் என்ன ஆகும்?

பதில்: இதற்கு ஒரே பதில் கிடையாது, நாடு நாடாகத்தான் பார்க்க வேண்டும்.

1989-இல் சூடானில் ஐ.நா. ஒரு காரியம் செய்தது. அரசோடும், தெற்கில் அதை எதிர்த்துச் சண்டையிட்ட விடுதலை இயக்கத்தோடும், இரண்டு பேரோடும் பேசி, இரு பக்கமும் உதவி போக ஒப்புதல் வாங்கியது. ஆபரேஷன் லைஃப்லைன் சூடான் என்று பெயர், யுனிசெஃப் முன்னால் நின்றது, பல தொண்டு நிறுவனங்கள் அதற்குள் வந்தன. குறைகள் நிறைய உண்டு, எந்த ஊருக்கு விமானம் போகலாம் என்பதை அரசு அடிக்கடி தடுத்தது. ஆனாலும் போர் நடக்கும்போதே இரண்டு தரப்பையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவர முடியும் என்று அது காட்டியது. சிரியாவில் 2014-இல் பாதுகாப்புச் சபை 2165 என்ற தீர்மானத்தால் அரசின் சம்மதம் இல்லாமலே எல்லை வழியாக உதவி போக அனுமதி கொடுத்தது. அந்த அனுமதியைக் கொஞ்ச மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் இழுபறி, 2023 ஜூலையில் புதுப்பிக்க முடியாமலே போனது. அப்படி ஒரு நிச்சயமில்லாத நிலையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எந்த அமைப்பு ஒரு வருட ஒப்பந்தம் போடும், சொல்லுங்கள்?

ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். அங்கே பொதுச் சுகாதார நிலையங்களில் பெரும்பாலானவற்றை அரசின் பெயரில் தொண்டு நிறுவனங்கள்தான் நடத்தின, பணம் உலக வங்கி நிர்வகித்த அறக்கட்டளை நிதி வழியாக வந்தது. 2021 ஆகஸ்டில் தலிபான்கள் ஆட்சியைப் பிடித்ததும் பணம் நின்றது. அந்தத் திட்டத்தில் 2,300-க்கும் மேல் நிலையங்கள், செப்டம்பர் கடைசியில் அவற்றில் 17 சதவீதம் மட்டுமே முழுதாக இயங்குகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அப்போது அமைப்புகள் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்த விதத்தை நான் மதிக்கிறேன். ஐ.நா. வளர்ச்சித் திட்டம், எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்குப் பணம் கொடுக்கும் குளோபல் ஃபண்டோடு சேர்ந்து சம்பளத்தையும் மருந்தையும் ஏற்றுக்கொண்டது, பிறகு யுனிசெஃப்பும் உலக சுகாதார நிறுவனமும் பொறுப்பை எடுத்தன, செஞ்சிலுவைக் குழு பெரிய மருத்துவமனைகளின் ஊழியர்களுக்குச் சம்பளம் போட்டது. அமைச்சகத்துக்குக் காசு கொடுக்காமல், அதே நர்ஸுக்கு, அதே நிலையத்தில் சம்பளம் போய்ச் சேர்ந்தது.

யேமனும் அப்படித்தான். உலக வங்கியின் வழக்கம் அரசுகளோடு வேலை செய்வது. போர் முற்றியதும் 2016 வாக்கில் தொடங்கி அது ஐ.நா. அமைப்புகளின் வழியாக மானியம் கொடுக்க ஆரம்பித்தது. யுனிசெஃப் 2017-இல் ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கம் கொடுக்கத் தொடங்கியபோது, புதிதாகப் பட்டியல் எழுதவில்லை. போருக்கு முன்னால் அரசின் சமூக நல நிதியத்தில் இருந்த பழைய பட்டியலையே எடுத்துக்கொண்டது, ஏறக்குறைய 15 லட்சம் குடும்பங்கள். பழைய பட்டியல் என்பதால் போரில் புதிதாக ஏழையானவர்கள் விடுபட்டார்கள், அது பெரிய குறை. ஆனால் எந்தத் தரப்பும் "இது எதிரி எழுதிய பட்டியல்" என்று சொல்ல முடியவில்லை.

என்னைக் கேட்டால், அமைச்சரைத் தவிர்க்கலாம், ஆனால் அந்த அமைச்சகத்தின் தண்ணீர்ப் பொறியாளரையும் மருந்துக் கிடங்குக்காரரையும் தவிர்க்கவே கூடாது. அமைப்புகள் கிளம்பிப் போன பிறகு அந்தப் பம்பை ஓட்டப் போவது அவர்கள்தான்.

கேள்வி: 2008-இல் வன்னியிலிருந்து ஐ.நா. வெளியேறியதே, அதை ஒருங்கிணைப்புத் தோல்வி என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். ஐ.நா.வே கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லியிருக்கிறது. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னதும், கிளிநொச்சியிலிருந்து ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் கிளம்பின. போகாதீர்கள் என்று மக்கள் அலுவலக வாசலில் நின்று கேட்டார்கள். அடுத்த வருடம் மே மாதம் வரை நடந்தது உங்களுக்குத் தெரியும். 2012 நவம்பரில் வெளியான ஐ.நா.வின் உள்ளக மறுஆய்வு அறிக்கை, கொல்லப்படும் மக்களின் எண்ணிக்கை கையில் இருந்தும் அதை வெளிப்படையாகச் சொல்லத் தயங்கியதையும், உள்ளே போகும் அனுமதி பறிபோய்விடுமோ என்ற பயத்தில் பேச வேண்டியதைப் பேசாமல் விட்டதையும் சொல்லி, இது அமைப்பு முழுவதின் தோல்வி என்று எழுதியது. 2013-இல் மனித உரிமைக்கு முன்னிடம் என்று ஐ.நா. கொண்டுவந்த ஏற்பாடு இதன் விளைவுதான்.

ஒவ்வொரு அமைப்பும் தனியாக இருக்கும்போது பயப்படும், விசா போகும், திட்டம் போகும் என்று. பத்து அமைப்புகள் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பேசினால் பத்தையும் வெளியேற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை. எங்கே மௌனமாக இருக்கலாம், எந்த எல்லை தாண்டினால் எல்லாரும் சேர்ந்து பேசுவோம் என்பதை நெருக்கடிக்கு முன்னாலேயே உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும். குண்டு விழ ஆரம்பித்த பிறகு அதைப் பற்றி விவாதிக்க யாருக்கும் நேரமும் இருக்காது, தைரியமும் இருக்காது.

கேள்வி: மருத்துவமனை இருக்கும் இடத்தை முன்கூட்டியே சண்டையிடும் தரப்புகளுக்குத் தெரிவித்துவிடுவார்களாமே. அது பாதுகாப்பு தருமா?

பதில்: உத்தரவாதம் இல்லை. 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்துஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் நடத்திய மருத்துவமனை அமெரிக்க விமானத் தாக்குதலில் அழிந்தது, 42 பேர் இறந்தார்கள். அந்த இடத்தின் ஜி.பி.எஸ். விவரம் ஏற்கெனவே அமெரிக்கப் படையிடம் கொடுக்கப்பட்டிருந்தது. எனவே இடத்தைத் தெரிவிப்பதா வேண்டாமா என்ற முடிவை அந்த மருத்துவமனையில் வேலை செய்பவர்களைக் கேட்காமல் தலைநகரில் யாரும் எடுக்கக் கூடாது.

கேள்வி: நான் முதுகலை மாணவி. இந்த ஒருங்கிணைப்பு வேலைக்கு வர ஆசை. என்ன படிக்க வேண்டும், அண்ணா?

பதில்: பட்டம் எதுவாக இருந்தாலும் சரி, தங்கை. அட்டவணை போடக் கற்றுக்கொள்ளுங்கள், வரைபடம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பிரெஞ்சு அல்லது அரபு, இரண்டில் ஒன்று வந்தால் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் நிறையக் கதவுகள் திறக்கும். ஒப்பந்தம் என்றால் கடைசிப் பக்கம்வரை படிக்கும் பழக்கம் வேண்டும், என் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை யாராவது கொடுத்தால் சின்ன வேலை என்று தள்ளிவிடாதீர்கள். யார் என்ன செய்வதாகச் சொன்னார்கள், எந்தத் தேதிக்குள் என்று தெளிவாக எழுதி, அன்று சாயங்காலமே எல்லாருக்கும் அனுப்புங்கள், உள்ளூர் மொழியிலும் சேர்த்து. அடுத்த வாரம் முதல் வேலையாக அதையே எடுத்துப் படித்து, செய்தீர்களா என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். கடைசி வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அவரை முதலில் பேசச் சொல்லுங்கள்.